அனுப்பியவனும் சொன்னவனே

(செந்துறையில் இளைஞரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



முந்திரித் தோப்புகள் சூழ்ந்த இச் செந்துறை வட்டத்தில், இரண்டு தலைமுறைக்கு முன்னர் ஒரு செய்தி ஓரூர் விட்டு மற்றோரூர் செல்ல வேண்டுமாயின், அதற்கு ஓர் ஆளின் கால்கள் வேண்டும். அல்லது ஒரு மிதிவண்டி வேண்டும். செய்தி கொண்டு செல்பவன் நடந்த நடையில் அவன் சினமும் சற்றே தேயும். போய்ச் சேர்ந்த இடத்தில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர், “நீ கண்ணால் கண்டாயா? காதால் கேட்டாயா?” என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியில் பாதிப் பொய் உதிர்ந்து போகும். இன்று அந்த நடையும் இல்லை. அந்தத் திண்ணைக் கேள்வியும் இல்லை. ஒரு விரல் நுனி திறன்பேசியைத் தொட்டால் போதும். செந்துறையில் சொன்னது சிங்கப்பூரில் கேட்கும்.

இதனால் நன்மை இல்லையா? உண்டு, பெரிதும் உண்டு. இவ்வட்டத்தைச் சேர்ந்த குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளாய்ப் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கல்வி எட்டாமற் போன அனிதா, 2017 செப்டம்பர் 1ஆம் நாள் இறந்தபோது, தமிழ்நாடு முழுதும் எழுந்த துயரக் குரலை ஊர்தோறும் கொண்டு சேர்த்தவற்றுள் முகநூலும் கீச்சகமும் வாட்சாப்பு எனப்படும் புலனமும் உண்டு. செய்தித்தாள் அலுவலகத்தின் வாயிற்படியை மிதித்தறியாத எளியவனுக்கும் இன்று குரல் உண்டு. அந்தக் குரலை எவரும் இழக்கக் கூடாது. இழக்கக் கூடாது என்பதற்காகவே அதை ஆளும் முறையை அறிய வேண்டும்.

ஏனெனில் அதே வட்டத்தில், 2019 ஏப்பிரல் 18ஆம் நாள், நாடாளுமன்றத் தேர்தல் வாக்கெடுப்பு நாளன்று, பொன்பரப்பியில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் வீடுகள் தாக்கப்பட்டன. அந்தக் காட்சி காணொளியாக நாடெங்கும் பரவியது. அதே நாள்களில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் நிகழ்ந்தது வேறு. அங்கு முதற்கல்லை எறிந்தது கை அன்று, ஒரு குரற்பதிவு. ஒரு குலத்துப் பெண்களை இழிவாகப் பேசிய இருவர் உரையாடல் புலனத்தின் வழியே கைக்குக் கை மாறியது. மக்கள் காவல் நிலையத்தைச் சூழ்ந்தனர். கல்வீச்சு நடந்தது. தடையாணை பிறப்பிக்கப்பட்டது. அந்த இழிசொல்லைப் பேசியவர் இருவரே. ஆனால் அதனை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் எத்தனை பேர்! அவர்களுட் பலர் அதனைக் கண்டிக்கும் எண்ணத்துடனேயே அனுப்பியிருப்பர். நஞ்சைத் தீயதென்று சொல்லிக்கொண்டே வீடுதோறும் பகிர்ந்து கொடுத்தால், குடித்தவன் பிழைப்பானா?

இன்றைய உரையின் பொருள் இதுதான்: அனுப்பியவனும் சொன்னவனே. இது வெறும் அறவுரை அன்று. சட்டத்தின் தீர்ப்பும் ஆகும்.

“எவனோ எழுதினான், எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன், எனக்கென்ன?” என்று சொல்வோர் பலர். இந்த விடையை நயன்மன்றத்தில் சொல்லிப் பார்த்தவர் திரைப்பட நடிகரும் சட்டமன்ற முன்னாள் உறுப்பினருமான எசு.வி. சேகர். 2018 ஏப்பிரலில், பெண் செய்தியாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதிய பதிவை அவர் தம் முகநூலிற் பகிர்ந்தார். எதிர்ப்பு எழுந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆயினும் வழக்கு நிற்கவில்லை. அவர் முன்பிணை கேட்டபோது, ஒரு செய்தியை மேலனுப்புவது அதனை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்கு ஒப்பாகும் என்று கூறிச் சென்னை உயர்நயன்மன்றம் 2018 மே மாதத்தில் மறுத்தது. வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு வேண்டியபோது, 2023 சூலையில் அதே மன்றம் அதனையும் மறுத்தது. அனுப்பாத வரையில் செய்தி ஒருவன் கைக்குள் இருக்கிறது. அனுப்பிவிட்டால் அது வில்லினின்று விடுபட்ட அம்பு. அதனால் விளையும் கேட்டிற்கு அவனே பொறுப்பு என்பது அத்தீர்ப்பின் கருத்து. கண்ணில் மருந்திட்டிருந்தமையாற் படிக்காமலே பகிர்ந்துவிட்டார் என்று உச்சநயன்மன்றத்தில் அவர் சார்பிற் சொல்லப்பட்டது. 2023 ஆகத்தில் அம்மன்றமும் அதை ஏற்கவில்லை; குமுக ஊடகத்தைக் கையாள்பவன் அதன் விளைவுகளையும் எதிர்கொள்ள அணியமாயிருக்க வேண்டும் என்றது. 2024 பிப்பிரவரியில் சென்னைத் தனிநயன்மன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனையும் உருபா 15,000 தண்டத்தொகையும் விதித்தது. 2025 சனவரியில் உயர்நயன்மன்றம் அதனை உறுதிசெய்தது.

எண்ணிப் பாருங்கள். புகழும் பொருளும் வழக்கறிஞர் துணையும் உடைய ஒருவர், ஒரு நொடியிற் செய்த செயலுக்கு ஆறாண்டுக்கு மேல் மன்றங்களின் படியேறினார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தேர்வுக்கு அணியமாகும் ஓர் உழவன் மகன் அந்தப் படிகளில் ஏற முடியுமா?

தமிழர்க்கு இது புதிய பாடமும் அன்று. சிலப்பதிகாரத்திற் பொய் சொன்னவன் பொற்கொல்லன். ஆயினும் கோவலன் உயிரைப் போக்கியது அவன் சொல் மட்டும் அன்று. அதனை உசாவாமல் ஏற்று, ஆணையாக மாற்றி, அடுத்தவர் கைக்கு அனுப்பிய பாண்டியன் வாய்ச்சொல்லே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டபோது அரசன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: சிலம்பு யாருடையது? அந்தக் கேள்விக்கு விடை பின்னர்க் கண்ணகி முன் கிடைத்தது. அப்போது காலம் கடந்துவிட்டது. பொய்யைப் படைத்தவனை நூல் மறக்கவில்லை. ஆனால் அரியணையிலிருந்து வீழ்ந்தவன் பொய்யை நம்பிக் கைமாற்றியவன்.

அந்தக் கதை இன்றும் நடக்கிறது. 2018ஆம் ஆண்டின் முற்பகுதியில், பிள்ளை பிடிப்போர் வடக்கிலிருந்து கூட்டங் கூட்டமாக வந்துவிட்டனர் என்னும் பொய்ச்செய்தி, படங்களோடும் குரற்பதிவுகளோடும் தமிழ்நாட்டுப் புலனக் குழுக்களில் ஓடியது. அனுப்பியவர் பெரும்பாலோர் தாய்மார், தந்தைமார், பிள்ளைகள்மேற் பாசம் உடையோர். மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினரோடு வந்த முதிய பெண்ணொருவர், வழியிற் கண்ட பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றது. இனிப்புக் கொடுத்த கைக்குக் கிடைத்த பரிசு அது! நாட்டின் பிற பகுதிகளிலும் அவ்வாண்டில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே, 2018 சூலையில், ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டியது. பலமுறை கைமாறிய செய்தியின் தலையில் இரட்டை அம்புக் குறி தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது, எழுதியவன் முகம் தெரியாதது, பல கை பட்டது என்பதற்கு அடையாளம். அக்குறியைக் கண்டால் விரல் தயங்க வேண்டும்.

இனி இளைஞர்க்கு ஒன்று. பெரம்பலூரை அடுத்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், 2022 சூலை 13ஆம் நாள், கனியாமூர்த் தனியார் பள்ளி விடுதியில் மாணவி ஒருத்தி இறந்துகிடந்தாள். பெற்ற வயிறு பற்றியெரிந்தது. உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்டோர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அடுத்த நான்கு நாள்களிற் புலனக் குழுக்களின் வழியே அழைப்புகள் பறந்தன. சூலை 17ஆம் நாள் பள்ளி சூறையாடப்பட்டது, ஊர்திகள் எரிக்கப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் தளைப்படுத்தப்பட்டனர், அவருட் பெரும்பாலோர் இளைஞர். ஊடகங்களில் நடக்கும் இணை உசாவலை உயர்நயன்மன்றம் கடிந்துரைத்தது. அந்த அழைப்பை அனுப்பியவன், “வா” என்று ஒரு சொல்தான் தட்டியிருப்பான். ஆனால் அச்சொல் அவன் பெயரோடும் எண்ணோடும் நேரத்தோடும் பதிவாகிவிட்டது. காவலர் பணிக்குத் தெரிவானவன்மேல் வழக்குண்டா என்று உசாவிய பின்னரே பணியாணை கொடுக்கின்றனர். கடவுச்சீட்டுக்கும் அதே உசாவல். ஓர் இளைஞன் ஐந்தாண்டு படித்த படிப்பு, ஒரு நொடியின் சினத்தில் அடைபட்டுப் போகலாம்.

“அப்படியாயின் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. வேண்டா என்பதே விடை.

பேச்சுரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அளித்திருக்கிறது. அந்த உரிமையை இணையத்திற் பறித்த ஒரு சட்டப்பிரிவு இருந்தது; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினாலே குற்றம் என்றது அது. யார்க்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்பதற்கு அளவுகோல் இல்லை. 2012 அக்டோபரில், நடுவணமைச்சர் ஒருவரின் மகனைப்பற்றிக் கீச்சியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் அப்பிரிவின்கீழ்த் தளைப்படுத்தப்பட்டார். அடுத்த மாதம் மராட்டிய மாநிலத்தின் பால்கரில், தலைவர் ஒருவர் இறப்பிற்காக நகரையே அடைப்பது ஏன் என்று முகநூலிற் கேட்ட இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியும் தளைப்படுத்தப்பட்டனர். சட்ட மாணவி சிரேயா சிங்கால் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச்சு 24ஆம் நாள் உச்சநயன்மன்றம் அப்பிரிவையே நீக்கியது. செத்த அப்பிரிவின்கீழ் எவர்மேலும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் ஆணையிட்டது. ஆகவே, பிறர்க்கு எரிச்சலூட்டுவது குற்றமன்று. ஆள்வோரைக் கேள்வி கேட்பது குற்றமன்று. இதனை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

நகைச்சுவையும் குற்றமன்று. திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைக்குக் குடும்பத்தோடு சென்ற ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போவதாக நகையாக எழுதிப் படங்களை முகநூலில் இட்டார். அரசின்மேற் போர் தொடுக்கச் சூழ்ச்சி செய்ததாகக் காவல்துறை வழக்குப் பதிந்தது! உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை 2021 திசம்பரில் அவ்வழக்கைத் தள்ளியது. வென்றார், உண்மை. ஆயினும் ஒரு நகைச்சுவைக்காக மன்றம் வரை நடந்தார் என்பதும் உண்மை. முகம் பார்த்துச் சொல்லும்போது நகையாக இருப்பது, முகம் தெரியாதவன் கையிற் போகும்போது பகையாகிவிடும். குரலும் புன்னகையும் எழுத்தோடு கூடப் போவதில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவுகொள்ளுங்கள். 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின்முன் தீக்குளித்து மாண்டது. அச்சினத்திற் கருத்துப்படம் வரைந்து முகநூலில் இட்ட ஓவியர் பாலா, அடுத்த மாதம் தளைப்படுத்தப்பட்டுப் பிணையில் விடப்பட்டார். அவர் எடுத்த பொருள் அறத்தின் பாற்பட்டது; நாடெங்கும் அவர்க்கு ஆதரவு எழுந்தது. ஆனால் ஆள்வோரை ஆடையின்றி வரைந்திருந்தமையால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவை எடுத்து வழக்குப் பதிய வழி பிறந்தது. பொருளில் வலிமை இருக்கும்போது, வடிவத்திற் பிடி கொடுத்தல் ஆகாது. எதிரி வாதத்திற்கு விடை சொல்ல முடியாதபோது, சொல்லின் வாலைப் பிடித்து இழுப்பான். வாலற்ற சொல்லாகச் சொல்லுங்கள்.

அதற்குச் சட்டத்தின் எல்லைக்கற்கள் எங்குள்ளன என்று தெரிய வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 சூலை 1ஆம் நாள் முதல் ‘பாரதிய நியாய சங்கிதை’ என்பது நடப்பில் உள்ளது. பெயர் தமிழன் வாயில் நுழையாது. பிடி மட்டும் தமிழனையும் பிடிக்கும். அதன் 356ஆம் பிரிவு, அவதூறு என வழங்கும் பழிதூற்றலுக்கு ஈராண்டு வரை சிறை என்கிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு: சொன்னது உண்மையாயிருந்தால் மட்டும் போதாது, அதனை வெளியிடுதல் பொதுநலத்திற்கு உரியதாகவும் இருக்க வேண்டும். ஊராட்சிப் பணத்தைக் கையாடினான் என்பதற்குக் கணக்குச் சான்று கையில் இருந்தால் எழுதலாம், அது பொதுநலம். அவன் வீட்டுச் சண்டையை எழுதினால் அது உண்மையேயாயினும் பொதுநலம் ஆகாது. 196ஆம் பிரிவு, சமயம், இனம், மொழி, சாதி இவற்றின் பேராற் பகை மூட்டுவதற்கு மூவாண்டு வரை சிறை என்கிறது. 353ஆம் பிரிவு, பொய்ச்செய்தி பரப்பி மக்களிடையே அச்சமும் பகையும் விளைப்பதற்கும் அதே அளவு சொல்கிறது. உண்மையென்று நம்பத்தக்க அடிப்படை இருந்து, நல்லெண்ணத்தோடு சொன்னவனுக்கு அப்பிரிவில் விலக்கு உண்டு. அந்த அடிப்படையைக் காட்ட வேண்டுமாயின், அனுப்புமுன் தேடியிருக்க வேண்டும் அல்லவா?

பட்டியல் வகுப்பினரைச் சாதிப்பெயர் சொல்லி இழித்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை. முன்பிணை பெறுதல் பெரும்பாலும் இயலாது. “நேரிற் சொல்லவில்லையே, வலையொளியிற்றானே பேசினேன்” என்ற வாதத்தை 2022இற் கேரள உயர்நயன்மன்றம் தள்ளிவிட்டது. வலையில் ஏற்றியது பொதுமக்கள் பார்வைக்கு வைத்ததே என்றது. பொன்பரப்பியைக் கண்ட இம்மண்ணில் இது சட்டத்திற்கு அஞ்சிச் செய்யும் செயலாக மட்டும் இருத்தல் கூடாது. ஒரு குலத்தானை இழித்து எழுதும் தமிழன், தமிழனையே இழிக்கிறான். தாய்மொழியால் ஒன்றான மக்களைத் திறன்பேசியில் வந்த நான்கு வரி பிரித்துவிடுமாயின், அம்மக்களுக்கு மொழி எதற்கு?

பெண்கள், பிள்ளைகள் குறித்து இன்னும் கடுமை வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ படத்தையோ, இரங்கல் தெரிவிக்கும் நோக்கத்தோடு இட்டாலும் குற்றமே. 72ஆம் பிரிவின்படி ஈராண்டு வரை சிறை. ஆளானவர் சிறாராயின், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் சேரும். சிறாரைப் பாலியலிற் பயன்படுத்தும் காட்சியைத் தரவிறக்கி வைத்திருப்பதே குற்றமன்று என்று 2024 சனவரியிற் சென்னை உயர்நயன்மன்றம் கூறியதை, அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் உச்சநயன்மன்றம் மாற்றியது. ஆகவே அத்தகைய காட்சி வந்தால், “பாருங்கள் இக்கொடுமையை” என்று சொல்லிப் பிறர்க்கு அனுப்புதல் கூடவே கூடாது. காவல்துறைக்குத் தெரிவித்தல் ஒன்றே வழி.

குழு நடத்துவோர்க்கும் ஒரு சொல். ஒருவன் இட்ட செய்திக்காக, குழுவை நடத்துகிறான் என்ற ஒரே கரணியத்தால் மற்றொருவனைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று, கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் மதுரைக் கிளை 2021 திசம்பரிற் கூறியுள்ளது. ஆனால் அச்செய்திக்கு உடந்தையாக இருந்தால் விலக்கு இல்லை. சட்டம் விட்டாலும், வீட்டுத் திண்ணையில் ஒருவன் நெருப்பு வைக்கும்போது வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருப்பது முறையா? நீக்கும் உரிமை அவன் கையில் இருக்கிறது. அதனை உடனே பயன்படுத்த வேண்டும்.

அயல்நாட்டிற்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் அந்நாட்டுச் சட்டத்தையும் அறிய வேண்டும். 2020 ஏப்பிரலில், சமயப் பகையைத் தூண்டும் பதிவுகளை இட்ட இந்தியர் பலர் ஐக்கிய அரபு நாடுகளில் வேலையை இழந்தனர். சிங்கப்பூரிற் பொய்ச்செய்திக்கென்றே 2019இல் தனிச்சட்டம் வந்தது. இலங்கையில் 2020, 2021ஆம் ஆண்டுகளில், நினைவேந்தற் படங்களை முகநூலிற் பகிர்ந்த தமிழிளைஞர் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டனர். இங்கிருந்து ஒருவர் உணர்ச்சியோடு ஒரு படத்தை அங்குள்ள உறவினர் பக்கத்திற் குறித்து இடுவது எளிது. அதன் விலையைக் கொடுப்பவர் அந்த உறவினர். தொலைவும் காப்பாற்றாது. தமிழ்நாட்டில் வடபுலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று 2023 மார்ச்சிற் பொய்க்காணொளி பரப்பியதாக வழக்குக்குள்ளான வலையொளிக்காரர் ஒருவர், பீகாரினின்று மதுரைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டதை எண்ணிக்கொள்ளுங்கள்.

இதுகாறும் சொன்னவை பிறர்க்குத் தீங்கு செய்யாதிருக்கும் வழிகள். தனக்குத் தீங்கு வராதிருக்கும் வழியும் உண்டு. குடும்பத்தோடு வெளியூர் செல்வதைச் செல்லும்போதே ஊரறிய இடுவது, பூட்டிய வீட்டின் திறவுகோலைத் தெருவில் தொங்கவிடுவது போலாகும். பிள்ளையின் பள்ளி, வகுப்பு, செல்லும் நேரம் இவை அயலார்க்குத் தெரிய வேண்டியவை அல்ல. ஆதார் எண், வங்கி எண், ஒருமுறைக் கடவுச்சொல் இவற்றைக் கேட்பவன் நண்பன் படத்தோடு வந்தாலும் நண்பன் அல்லன். முதலில் நண்பனோடு குரலாற் பேசி உறுதிசெய்க. இப்போது செய்யறிவு என்னும் பொறியறிவு, ஒருவர் முகத்தையும் குரலையும் அப்படியே போலி செய்கிறது. கண்ணால் கண்டதும் பொய்யாகும் காலம் இது. ஆகவே தீர உசாவுதல் முன்னினும் வேண்டும்.

2016 சூனில், சேலம் மாவட்டத்தில் 21 அகவைப் பெண்ணொருத்தியின் படத்தை வேறு உடலோடு ஒட்டி முகநூலில் இட்டான் ஒரு கயவன். குடும்பம் முறையிட்டும் விரைந்து நடவடிக்கை இல்லை. அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பெற்றோர்களே! இத்தகைய தீங்கு உங்கள் மகளுக்கோ மகனுக்கோ நேர்ந்தால், “நீ ஏன் படம் போட்டாய்?” என்பது உங்கள் முதற்சொல்லாக இருத்தல் வேண்டா. “நீ குற்றம் செய்யவில்லை, கூட நிற்கிறோம்” என்பதே முதற்சொல்லாகட்டும். இழிவு செய்தவனுக்கே இழிவு, செய்யப்பட்டவர்க்கு அன்று. இணையக் குற்றங்களை முறையிட 1930 என்னும் எண் உண்டு, சிறார்க்கு 1098, பெண்களுக்கு 181. முறையிடுமுன் அப்பக்கத்தைப் படம் பிடித்து, நாளும் நேரமும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சினத்தில் அழித்துவிட்டாற் சான்று போய்விடும்.

ஒருகால் ஒருவர்மேலேயே காவல் நிலைய அழைப்பு வந்துவிட்டால் என் செய்வது? ஓடி ஒளிதல் வேண்டா. ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களில், தளைப்படுத்துதல் தேவையில்லாதவிடத்து, எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்பி உசாவுதல் சட்டம் காட்டும் முறை. அறிவிப்பின்படி சென்று விடை சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டுப் பெற வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். வழக்குப் பதிந்தபின் பேசியிலுள்ளவற்றை அழித்தல் புதுக்குற்றமாகலாம். பணமில்லை என்று கலங்க வேண்டா. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் வறியவர்க்கும் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்னும் எண்ணில் உதவி கேட்கலாம். எழுதியது பிழையென்று தெரிந்தால், முதலில் நீக்கி, பிழை திருத்தி, அதே பக்கத்தில் அனைவரும் காண வருத்தம் தெரிவித்தல் ஆண்மை; அது வழக்கை முற்றும் தடுக்காவிடினும் பரவிய தீங்கைக் குறைக்கும்.

இவ்வளவையும் நினைவிற் கொள்வது அரிதென்று எண்ணுவோர், நான்கு கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை யார் சொன்னார்? இது எந்நாள் நடந்தது? இதில் யாருடைய மானம் தொங்குகிறது? இதன்கீழ் என் பெயரையும் ஊரையும் எழுதிக் கையொப்பமிட்டுச் செந்துறைக் கடைத்தெருவில் ஒட்ட நான் அணியமா? நான்கிற்கும் விடை கிடைத்தால், அஞ்சாது அனுப்புங்கள்; உரத்துச் சொல்லுங்கள்; ஆள்வோரையும் கேளுங்கள். ஒன்றிற்கேனும் விடை இல்லையாயின், விடை கிடைக்கும் வரை அச்செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும்.

சொல்லின்மேல் இத்துணைக் கருத்துச் செலுத்தியது தமிழ். இனியவை கூறல், அடக்கமுடைமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை, வாய்மை, சொல்வன்மை என்று சொல்லுக்காகவே அதிகாரம் அதிகாரமாக வகுத்தவர் வள்ளுவர். அவற்றுட் சொல்வன்மையும் இருக்கிறது என்பதை மறவாதீர்கள். அடங்கு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை வெல்லுமாறு சொல் என்றும் சொன்னார். பொய்யை அனுப்பி அகப்பட்டவன் குரல், மெய்யைச் சொல்ல வேண்டிய நாளில் எடுபடாது. மெய்யை மட்டுமே அனுப்புபவன் என்று ஊரறிந்தவன் ஒருவன் சொன்னால், அவன் சொல் ஒன்று ஆயிரம் பதிவுக்கு ஒப்பாகும். அத்தகையோர் செந்துறையில் தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும். திண்ணைக் கேள்வி திரும்ப வந்துவிடும். பொன்னமராவதிகளும் அத்திமூர்களும் மீண்டும் நிகழா.

நாவும் விரலும் ஒன்றே என்று கொள்வோம். மெய் வெல்க! தமிழ் வாழ்க!